பொய்யூரில் பதினான்காம் வீடு

பொய்யூரில் முந்நூறு வீடுகள் இருந்தன. ஒன்றுக்கும் சுவர் கிடையாது. கூரை கிடையாது, வாசல் கிடையாது, வாசலில் கோலமும் கிடையாது. ஆனாலும் பொழுது விடிந்தால் அங்கே வெந்நீர் காய்ந்தது. பொழுது சாய்ந்தால் விளக்குகள் எரிந்தன. யாரோ யாருக்காகவோ கதவைத் திறந்துவிட்டார்கள். இத்தனையும் கோயம்புத்தூர் காளப்பட்டி சாலையில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், மூன்று கறுப்புக் கணினி அலமாரிகளுக்குள் நடந்துகொண்டிருந்தன. அந்த அலமாரிகளுக்குப் பின்னால் போய் நின்றால் சூடான காற்று முகத்தில் அடிக்கும். அதுதான் அந்த ஊரின் மூச்சு என்று கனகமணி நினைத்துக்கொள்வாள்.

ஊரைக் கட்டியவன் ஜெயசிங். அதை உடைப்பது கனகமணியின் வேலை.

பூட்டுக் கம்பெனியிலிருந்து வந்திருந்த ரோகிணிக்கு இதை விளக்க ஜெயசிங் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"உங்க பூட்டை மேசை மேல வெச்சு சோதிச்சா, மேசை மேல அது ரொம்ப நல்ல பிள்ளையா நடந்துக்கும்ங்க. பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி. கல்யாணம் ஆகி ஒரு வீட்டுக்குள்ள போனாத்தான் சாயம் வெளுக்கும். அதனால நாங்க அதை ஒரு குடும்பத்துக்குள்ள கொண்டுபோய் விட்டுடறோம்."

"நெஜமான குடும்பமா?"

"நெஜமான குடும்பத்தோட தடம். இங்க வேலை பாக்கற ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு ஒரு மாசம் வீட்டைக் கடன் குடுக்கணும். அந்த மாசம் வீட்டுல இருக்கற லைட்டு, ஹீட்டர், போன் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு என்ன பேசிக்குதோ அதை எழுதிக்குவோம். பேரு, விலாசம் எல்லாத்தையும் உருவிட்டு ஒரு நம்பர் குடுத்துடுவோம். அப்புறம் அந்த வீடு பழக்கத்துல தானாவே வாழ ஆரம்பிச்சிடும். எந்தப் போன் எந்த ஊர்ல இருந்து பேசுச்சுங்கறதக்கூட எடுத்துடுவோம். யாரு வீடு எதுன்னு எங்களுக்கே தெரியக்கூடாது பாருங்க."

"அப்ப இவங்க?" ரோகிணி கனகமணியைப் பார்த்தாள்.

"இவங்க கனகமணி. எங்க ஊர்த் திருடி. நான் சுவர் எழுப்பினா இவங்க வந்து கன்னம் வெப்பாங்க."

"சுவர் எழுப்பத் தெரிஞ்சா நான் ஏன் கன்னம் வெக்கறேன்," என்றாள் கனகமணி. ரோகிணி சிரித்தாள். ஜெயசிங்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் இருக்கக் கனகமணி பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கனமான பூட்டு. தொண்டாமுத்தூர்ப் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கும் முதியோர் குடியிருப்புக்காகச் செய்தது. பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்க, பெற்றவர்கள் மட்டும் இங்கே வாழும் வீடுகள். அடிக்கடி வெளிநாடு போய்விடுவார்கள், திருட்டுப் பயம் அதிகம் என்றாள் ரோகிணி. அதற்காகவே பூட்டுக்குள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். வீட்டுக் கூடத்தில் வெகுநேரம் நடமாட்டம் இல்லாவிட்டால், வீட்டாரின் போன்களுக்குப் பூட்டு ஒரு கேள்வி அனுப்பும்: வீட்டில் யாராவது இருக்கிறீர்களா? ஒருவர் ஆமாம் என்றால் போதும். யாருமே பதில் சொல்லாவிட்டால் வீடு காலி என்று முடிவு செய்து, உள்ளே வெளியே இரண்டு பக்கமும் இறுக்கிப் பூட்டிக்கொள்ளும்.

"உள்பக்கம் எதுக்கு?" என்று கேட்டாள் கனகமணி.

"ஜன்னல் வழியா வந்த திருடன் டிவியைத் தூக்கிட்டு வாசல் வழியா போகக்கூடாதில்லைங்க. அதுவும் இல்லாம, அப்புறம் வீட்டுக்குள்ள இருந்து வர்ற எந்தப் போனையும் அது நம்பாது. திருடன் கையில இருக்கற போனா இருக்கலாம். வீட்டு ஆள் யாராவது வெளிய இருந்து சொன்னாத்தான் திறக்கும்."

"கெட்டிக்காரப் பூட்டு," என்றான் ஜெயசிங்.

*

எந்த வீட்டைத் தாக்குவது என்பதற்குச் சோதனைச்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. தலைவர் பழனியப்பனின் மேசையில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கும். அதற்குள் எண் எழுதிய முந்நூறு வில்லைகள். ஒவ்வொரு தாக்குதலுக்கு முன்பும் சொம்பைக் குலுக்கி ஒன்றை எடுக்க வேண்டும். "கம்ப்யூட்டரே குலுக்கிக் குடுக்குமே சார்" என்று யாராவது கேட்டால், "மனுஷன் கை தனக்குப் பிடிச்ச கதவைத்தாம்ப்பா தட்டும். அந்தக் கையை இந்தச் சொம்புக்குள்ள விட்டாத்தான் அடங்கும்" என்பார்.

கனகமணியின் கை அடங்கவில்லை. பதினான்கு என்று எழுதிய வில்லை நான்கு மாதமாக அவளுடைய கைப்பையில் இருந்தது. சொம்புக்குள் கையை விட்டுக் குலுக்குவாள். வெளியே எடுக்கும்போது விரலிடுக்கில் அதுதான் வரும். எந்த எண் என்று யாரும் பார்த்ததில்லை. அறிக்கையிலும் வீட்டு எண்ணை யாரும் படிப்பதில்லை. தாக்குதல் வென்றதா தோற்றதா என்றுதான் பார்ப்பார்கள்.

பதினான்கு யாருடைய வீடு என்பது அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டது. மார்கழிக் குளிரில் கோயம்புத்தூரே போர்வைக்குள் சுருண்டு கிடந்தபோது, பதினான்காம் வீட்டுப் படுக்கையறையில் மட்டும் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. விடிய விடிய. அப்படி ஒரு பைத்தியக்காரன் அந்த அலுவலகத்தில் ஒருவன்தான். "நான் குளச்சல்காரன். கடல் சத்தம் கேட்டு வளந்தவன். காத்து இரையலேன்னா எனக்கு உறக்கம் வராது" என்று அவனே கேன்டீனில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

அவளும் ஜெயசிங்கும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே பேக்கரியில் டீ குடித்தவர்கள். ஒரு மழை நாளில், பேக்கரி வாசலில் இறங்க வழியில்லாமல் நின்றபோது அவன் சொன்னான்: "நாம ரெண்டு பேரும் ஒரு வீட்டுல இருந்தோம்னா அந்த வீட்டுக்குப் பூட்டே வேண்டாம், கனகு. கட்டறவனும் உள்ளதான் இருப்பான், உடைக்கறவளும் உள்ளதான் இருப்பா." அவள் சிரித்துவிட்டாள். அது கேள்வி என்று அன்றிரவு படுக்கையில்தான் புரிந்தது. பதில் சொல்ல நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாதி வேறு, மதம் வேறு, அண்ணன் என்ன சொல்வான், அம்மா என்ன செய்வாள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயார் செய்தாள். அது தயாரான வாரத்தில் அவன் கல்யாண அழைப்பிதழோடு வந்தான். பெண் மார்த்தாண்டம். பெயர் மெர்லின்.

கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். மெர்லின் தன் போனிலிருந்து, மூவரும் சேர்ந்து எடுத்த படத்தை அனுப்பியிருந்தாள். கனகமணி அதற்குப் பதில் அனுப்பவில்லை. எண்ணை மட்டும் பெயர் போட்டுச் சேமித்துக்கொண்டாள்.

பதினான்காம் வீட்டில் இரண்டு போன்கள் இருந்தன. ஒன்று அவனுடையது. மற்றதைக் கனகமணி 'அவள்' என்றே மனதுக்குள் சொல்வாள். விடிகாலையில் அவள் ஹீட்டரைப் போடுவாள். வெந்நீர் காய்ந்த பிறகுதான் அவன் போன் கண் விழிக்கும். மாலையில் அவள் பால்கனி விளக்கை ஏற்றுவாள். அவன் வந்து கதவு திறந்தால்தான் அது அணையும். அவனுக்குத் தாமதமானால் விளக்கும் காத்திருக்கும். முந்நூறு வீடுகளில் வேறெங்கும் இப்படி ஒருத்தி இல்லை. மற்ற வீடுகளில் அவரவர் வெந்நீரை அவரவர் போட்டுக்கொண்டார்கள். கணபதியில் அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்த கனகமணியும் தன் வெந்நீரைத் தானேதான் போட்டுக்கொண்டாள்.

இதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ஊரில் நடக்கும் கல்யாணத்தைப் பார்த்துப் புகைகிறவர்கள் உண்டு. அலமாரிக்குள் எரியும் ஒரு விளக்கைப் பார்த்துப் புகைகிறவள் தான் ஒருத்திதான் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியதும் மறுபடி புகைந்தது.

அவள் தொழிலே பொய்ச்செய்தி அனுப்புவதுதான். ஒருவர் குரலில் இன்னொருவர் பேசுவது. ஒரு மாலை, மெர்லினின் குரலில் அந்தப் பால்கனி விளக்குக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: அணைந்துவிடு. விளக்கு நம்பி அணைந்தது. அந்த நிமிடம் நெஞ்சுக்குள் பனி இறங்கியது போல் இருந்தது. ஆனால் சற்று நேரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. அவளேதான் ஏற்றியிருந்தாள். கனகமணி அணைத்தாள். அவள் ஏற்றினாள். மறுபடி அணைத்தாள். மறுபடி ஏற்றினாள். கண்ணுக்குத் தெரியாத சக்களத்தியோடு நடந்த சண்டையில் கடைசியில் கை ஓய்ந்தது கனகமணிக்குத்தான்.

பூட்டையும் அங்கேதான் சோதித்தாள். முதல் சுற்றில் இரண்டு ஓட்டைகளைக் கண்டுபிடித்தாள். கம்பெனி அடைத்து அனுப்பியது. பிறகு அந்தக் கேள்வி: வீட்டில் யாராவது இருக்கிறீர்களா? யாரும் இல்லை என்று பூட்டை நம்பவைக்க அவள் பலவிதமாக முயன்றாள். அவன் போனை முடக்கினாள். கூடத்தில் நடமாட்டமே இல்லாமல் செய்தாள். ஒவ்வொரு தடவையும், அவள் எதைச் செய்வதற்கும் முன்னால், மற்றப் போனிலிருந்து பதில் வந்துவிடும்.

ஆமாம்.

எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாள் பார், என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பூட்டு தேறியது. தொண்டாமுத்தூரில் யார் வாழப்போகிறார்கள் என்பது அவளுக்கு நினைவில் இல்லாமல் இல்லை. தனியாள் வாழும் வீட்டில் ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குப் பதினான்காம் வீட்டை விட்டு வெளியே வர வேண்டும். வர மனமில்லை. கையெழுத்துப் போட்டாள்.

தேறிய பொருளில் முதல் ஒன்றை ஊரைக் கட்டியவன் தன் வீட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே இன்னொரு வழக்கம். ஜெயசிங் அதை எடுத்துக்கொண்டு போனான்.

"பாத்துக்கோ கனகு, நீ சரின்னு சொன்னதை நம்பி வாசல்ல மாட்டறேன்."

"உனக்கென்ன. பூட்டு ஏமாந்தாலும் உள்ள காவலுக்கு ஆள் இருக்கு."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லாமல் பையை மாட்டிக்கொண்டான்.

*

ஒன்றிரண்டு மாதம் கழித்து அவன் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தான்.

"டெங்கு சுத்திட்டு இருக்கு," என்றார் பழனியப்பன். "யாராவது ஒரு எட்டுப் போய்ப் பாருங்கப்பா."

"வீட்டுல அவங்க இருக்காங்களே சார்," என்றாள் கனகமணி. சொல்லும்போதே அவள் கண்ணுக்குள் ஒரு படம் ஓடியது. கஞ்சிக் கிண்ணம், நெற்றியில் ஈரத்துணி, அதை மாற்றிப் போடும் ஒரு கை. அந்தப் படத்தோடு இரண்டு நாள் வேலை பார்த்தாள். ஒரு செய்திகூட அனுப்பவில்லை. அனுப்பினால் மெர்லின்தான் அவனுக்குப் படித்துக் காட்டுவாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிட எழுந்த நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"கனகு, கதவு திறக்க மாட்டேங்குது." குரல் வறண்டு கிடந்தது.

"எந்தக் கதவு?"

"என் வீட்டுக் கதவு. நம்ம பூட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு எழுந்தேன். பல்லுல ரத்தம் வருது. போன் செத்துக் கெடந்துருக்கு, இப்பத்தான் சார்ஜ் போட்டேன். பூட்டு நான் வீட்டுல இல்லைன்னு சொல்லுது. நான் இருக்கேன்னு அழுத்தினா நம்ப மாட்டேங்குது."

"மெர்லினை வெளிய வந்து திறக்கச் சொல்லு."

போனில் மின்விசிறி இரைவது கேட்டது.

"ஜெய், மெர்லின் கடைக்குப் போயிருந்தாலும் பரவாயில்ல. அவங்க போன்ல இருந்து சொன்னாப் போதும். திறந்துக்கும்."

"மெர்லின் இல்ல."

"எங்க போனாங்க?"

"ஊருக்கு. தங்கச்சி பிரசவத்துக்குப் போனா. வரல. எட்டு மாசம் ஆச்சு."

கனகமணி கணக்குப் போட்டாள். எட்டு மாதம். மார்கழிக்கும் முன்னால்.

"தினம் டிபன் பாக்ஸ் கொண்டு வர்றியே?"

"மெஸ்ல வாங்கி அதுல போட்டுட்டு வருவேன். நீங்க எல்லாம் கேப்பீங்கள்ல."

"அப்ப ஹீட்டர்?" வாய் முந்திக்கொண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

"அவதான் போடுவா. அங்க இருந்து, போன்ல. பால்கனி லைட்டும். சண்டைன்னு ஒண்ணும் இல்ல கனகு, பேச்சுதான் நின்னு போச்சு. நானும் கேக்கல, அவளும் சொல்லல. வெந்நி மட்டும் காயும்." அவன் மூச்சு வாங்கினான். "மூணு நாளா அதுவும் இல்ல. லைட்டும் எரியல. விட்டுட்டா போல."

இப்போது கனகமணிக்கு எல்லாம் தெரிந்தது. பொய்யூரில் போன் எந்த ஊரிலிருந்து பேசுகிறது என்பதை எடுத்துவிடுவார்கள். ஆகவே மார்த்தாண்டமும் பால்கனியும் அங்கே ஒன்றுதான். அந்த ஆமாம் வந்தவரை பூட்டு சமாதானமாக இருந்தது. வீட்டில் ஒருவன் தன்னந்தனியாகக் காய்ச்சலில் கிடந்து, அந்த ஆமாமும் நின்றுபோனால் என்ன ஆகும் என்று யாரும் சோதிக்கவில்லை. சோதிக்க வேண்டியவள் அவள்.

"நான் வர்றேன். படுத்துக்கோ. கூப்பிட்டா எடு."

"கனகு." அவன் குரல் தேய்ந்தது. "அவளைக் கூப்பிடாத. உடைச்சிரு."

*

ஒன்பதாம் மாடி. கதவு இரும்பு. காவலாளி கடப்பாரையோடு நின்று கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை இதால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. கொண்டு வந்து மாட்டுனப்பவே நான் பாத்தேன். பேங்க் லாக்கராட்டம் இருக்கு."

தீயணைப்பு வண்டி அவிநாசி சாலை நெரிசலில் வந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் கீழே வந்து நின்றுவிட்டது. கனகமணி வராந்தாத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். தான் முன்பு நுழைந்த இரண்டு ஓட்டைகளையும் தட்டிப் பார்த்தாள். அவள் சொன்னபடியே இரண்டையும் நன்றாக அடைத்திருந்தார்கள். வேறு வழி தேட நேரம் வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் போன் ஒலித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

அவளைக் கூப்பிடாத என்று அவன் சொன்னது காதில் இருந்தது. அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் கேவலம். ஒருவன் உள்ளே மயங்கிக் கிடக்கிறான், வெளியே ஒருத்தி அவன் சொன்ன ஒரு வார்த்தையை நாக்கின் அடியில் மிட்டாய் போல ஒதுக்கி வைத்திருக்கிறாள். ஒரு நிமிடம், உண்மையாகவே ஒரு நிமிடம், தீயணைப்புக்காரர்கள் வரட்டும் என்று இருந்தாள். இல்லையென்றால், இந்தக் கதவு தன் கண் முன்னால், தன் கையால் திறக்கட்டும் என்று இருந்தாள்.

பிறகு சேமித்து வைத்து ஒருபோதும் அழைக்காத அந்த எண்ணை அழைத்தாள்.

"ஹலோ?"

"மெர்லின், நான் கனகமணி பேசறேன். ஜெயசிங்கோட ஆபீஸ்."

எங்கோ ஒரு குழந்தை அழுதது.

"தெரியும்," என்றாள் மெர்லின். "சொல்லுங்க."

கனகமணி சொன்னாள். காய்ச்சல், கதவு, பூட்டு. சுருக்கமாகத்தான் சொன்னாள். பாதியிலேயே மெர்லின் இடைமறித்தாள்.

"உங்க பக்கத்துல யாரு இருக்கா? நீங்க தனியாவா அந்த வாசல்ல நிக்கறீங்க?"

அந்தக் கேள்வியில் இருந்தது என்ன என்று கனகமணிக்கு உடனே தெரிந்தது. ஆறு மாதமாகத் தன் வயிற்றில் எரிந்ததே, அதேதான். மார்த்தாண்டத்தில் அதற்கு வேறு சூடு ஒன்றும் இல்லை.

"வாட்ச்மேன் இருக்கார். ஆம்புலன்ஸ் ஆளுங்க வந்துட்டாங்க. மெர்லின், உங்க போன்ல அந்தப் பூட்டோட கேள்வி இருக்கும். திறன்னு அழுத்துங்க."

"இருக்கு. தெனமும் வரும். நான் வீட்டுல இருக்கேனான்னு கேக்கும். இங்க உக்காந்துட்டு ஆமாம்னு அழுத்துவேன்." குழந்தையின் அழுகை தள்ளிப் போனது. "மூணு நாளா அழுத்தல. லைட்டும் போடல. இன்னைக்கு ஏன் வெந்நி காயலைன்னு ஒரு வார்த்தை கேக்கறாரான்னு பாக்கலாம்னு இருந்தேன். கேட்டா உடனே பஸ் ஏறிருப்பேன். காய்ச்சல்னு எனக்கு யாரு சொன்னா? நீங்க சொன்னீங்களா?"

"இல்ல. நான் சொல்லல."

"சரி, நில்லுங்க."

கதவுக்குள் ஏதோ உருண்டது. ஒரு தடவை, இன்னொரு தடவை. காவலாளி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைப்பிடியைத் தள்ளினார். திறந்துகொண்டது.

கூடத்துத் தரையிலேயே கிடந்தான் ஜெயசிங். உள்ளே மின்விசிறி முழு வேகத்தில் இரைந்தது.

*

ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கின்றன, நேரத்தோடு கொண்டு வந்தீர்கள், பிழைத்துக்கொள்வார் என்று மருத்துவர் சொன்ன பிறகு, கனகமணி ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடிக்கு வந்து பழனியப்பனைக் கூப்பிட்டாள்.

"சார், தொண்டாமுத்தூர்ல பூட்டு மாட்டிட்டு இருக்காங்களா?"

"நாளைல இருந்தும்மா. நாளைக்கு முதல் பிளாக். ஏன்?"

"நிறுத்தச் சொல்லுங்க. அது தனியாள் வீட்டுல ஆளை உள்ள வெச்சுப் பூட்டிடும். அங்க பாதி வீடு தனியாள் வீடு. விழுந்து கெடந்தாங்கன்னா அப்படியே கெடக்க வேண்டியதுதான்."

"நீதானேம்மா சோதிச்ச? முந்நூறுல எவ்வளவு வீடு தனியாள் வீடு. ஒண்ணுகூடவா சொம்புல வரல?"

"வராது சார். நான் சொம்புல இருந்து எடுக்கல. எல்லாத் தடவையும் ஒரே வீட்டைத்தான் போட்டேன்."

பழனியப்பன் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. இப்போதும் அவர் கத்தவில்லை.

"ஏம்மா?"

அவளிடம் சொல்லத்தக்க காரணங்கள் இரண்டு மூன்று இருந்தன. அந்த வீட்டில் கருவிகள் அதிகம். அதில் இரண்டு போன். நேரம் குறைவு. எதுவும் நாக்கில் வரவில்லை.

"பொறாமை சார்."

"என்னது?"

"அந்த வீடு யாருதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அது நல்லா இருந்துச்சு. எனக்குப் பொறுக்கல."

சாலையில் ஒரு டவுன் பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே போனது.

"பூட்டை இப்பவே நிறுத்தறேன்," என்றார் பழனியப்பன். "காரணம்னு ஒண்ணு அவங்க கேப்பாங்க. இதை நான் அறிக்கையில எழுத முடியாது."

"எழுதுங்க சார். இனிமே பூட்டு செய்யறவங்க திருடனை மட்டும் நினைச்சுட்டு செய்ய மாட்டாங்க."

"உன் வேலை போயிடும்மா."

"தெரியும் சார்."

போனை வைத்த பிறகு தனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. மாறாக, வெட்கமில்லாமல், பழைய எரிச்சல்தான் எட்டிப் பார்த்தது. இத்தனை நாளும் கூட இருந்து கவனிக்கிறவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாக நினைத்திருந்தாள். அந்த வீட்டில் மெர்லின் இல்லவே இல்லை. இருந்தவள் செய்வது பெரிதில்லை, போனவள் செய்திருக்கிறாள். பேச்சு நின்றுபோன ஒருவனுக்குத் தினம் தினம் எங்கிருந்தோ வெந்நீர் காய்ச்சியிருக்கிறாள். தனக்கு அந்த இடம் கிடைத்திருந்தால் அப்படிச் செய்திருப்போமா என்று கனகமணி யோசித்தாள். கதவடைத்துக்கொண்டு போயிருப்பாள். கேள்வி என்று புரிவதற்கு முன்பே சிரித்துவிட்டவள்தானே அவள்.

போன் அடித்தது. மெர்லின். பின்னணியில் பேருந்தின் இரைச்சல்.

"நாகர்கோவில் தாண்டிட்டேன். எப்படி இருக்கார்?"

"பரவாயில்ல. க்ளூக்கோஸ் ஏறுது. தூங்கறார்."

"விடியறதுக்குள்ள வந்துருவேன்." மெர்லின் நிறுத்தினாள். பேருந்து எங்கோ பிரேக் போட்டது. "ஒண்ணு கேக்கணும். அப்ப அவசரத்துல கேக்கல. என்னைக் கூப்பிடச் சொன்னது அவரா? இல்ல, வேற வழி இல்லாம நீங்களா கூப்பிட்டீங்களா?"

கனகமணி வேப்பமரத்தடியில் நின்றாள். நாக்கின் அடியில் ஒதுக்கி வைத்திருந்த மிட்டாய் இன்னும் கரையாமல்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் போதும். நாலே சொற்கள். அந்தப் பேருந்து திருநெல்வேலியில் நிற்கும், அவள் இறங்கிவிடுவாள். யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது.

எத்தனையோ விளக்குகளையும் பூட்டுகளையும் யார் யார் குரலிலோ பேசி நம்பவைத்தவள் அவள். எந்தக் குரலில் பேசினால் எதிர்ப்பக்கம் நம்பும் என்பது அவளுக்கு அத்துபடி. இழுக்கக் கூடாது, அழுத்தம் கொடுக்கக் கூடாது, இதில் என்ன சந்தேகம் என்பது போலச் சொல்ல வேண்டும்.

"அவர்தான் சொன்னார்," என்றாள் கனகமணி. "மெர்லினைக் கூப்பிடுன்னுதான் சொன்னார். வேற ஒண்ணும் சொல்லல."

மறுபக்கம் நம்பியது.